பலூன் ஒட்டிய உலக வசூல்

பாப்பா,

உன் அம்மா உன் பெட்டியை இன்றைக்கு மூன்றாவது தடவையாக எடை போட்டுக்கொண்டிருக்கிறாள். பெட்டி தராசில் தனியாக நிற்க மாட்டேன் என்கிறது. அதனால் அவளே பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறி நிற்கிறாள், அப்புறம் தன் எடையைக் கழிக்கிறாள். அந்தத் தன் எடையை மட்டும் எனக்குக் கேட்காத குரலில் முணுமுணுக்கிறாள். கடிதத்துக்கு எடை கம்மி என்பதால் எனக்கு அனுமதி கிடைத்தது. பருப்புப் பொடிக்கும் எலுமிச்சை ஊறுகாய்க்கும் நடுவே சொருகி வைக்கிறேன். எழுத்து எங்கேயாவது மங்கியிருந்தால் நான் அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அது நல்லெண்ணெய்.

நாளை மறுநாள் நீயும் மாப்பிள்ளையும் ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறீர்கள். ஊர் பேரை மாப்பிள்ளை நாலு தடவை சொல்லிக் கொடுத்தார், நானும் நாலு விதமாகத் திருப்பிச் சொன்னேன், இரண்டு பேரும் அத்தோடு விட்டுவிட்டோம். பெண்ணை அனுப்பும்போது அப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். பத்தாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன் நான், அதுவும் பாடம் பிடித்துப்போய் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு எந்தப் படம் உலகம் பூராவும் எவ்வளவு வசூல் செய்தது என்பதுதான். ஆகவே உனக்குச் சொல்ல வேண்டியதையும் அந்த வழியாகத்தான் சொல்ல முடியும். உன் கல்யாணமே அந்த வழியாகத்தான் நடந்தது. அது உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கும் தெரியாது. அவள் ஜாதகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

முதலில் ஒரு பழைய தப்பை ஒத்துக்கொள்கிறேன். நீ பத்தாவது பாஸ் செய்த அன்றைக்கு உன் மார்க்கை நான் தெருவில் சொல்லிக்கொண்டு போனேன். முதல் வீட்டில் உள்ளபடி சொன்னேன். இரண்டாவது வீட்டில் ஏழெட்டு மார்க் சேர்ந்துகொண்டது. ராபர்ட்சன்பேட்டை பஜாருக்குப் போய்ச் சேருவதற்குள் நீ மாவட்டத்தின் பாதியைத் தாண்டியிருந்தாய். சாயந்திரம் மளிகைக் கடைக்காரர் உன்னை நிறுத்தி, அந்தப் பெரிய மார்க்கைச் சொல்லி, சாக்லேட் கொடுத்து வாழ்த்தினார். நீ வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டாய். அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாய், "நான் வாங்கினது பத்தலையாப்பா?" என்று. நீ வாங்கினது நம்ம குடும்பத்தில் யாருமே வாங்காத மார்க். நான் சேர்த்துச் சொன்னதால் அது குறைச்சலாகிவிட்டது. அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் தங்கவில்லை.

நான் காலை வண்டியில் முப்பது வருஷமாகப் பெங்களூருக்குப் போய் வருகிறவன். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை உட்கார்ந்து பார்க்கிற வேலைதான், ஆனால் உண்மையான வேலை வண்டியில் நடந்தது. வண்டி மாரிக்குப்பத்தில் புறப்படும்போது காலியாக இருக்கும். நாங்கள் உரிகத்தில் ஏறுகிறவர்கள் ஜன்னலோரமாக உட்கார்ந்து, பங்காருபேட்டையில் ஏறப் போகிற சிநேகிதர்களுக்காகப் பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டு வைப்போம். பங்காருபேட்டை ஜங்ஷனில் கூட்டம் பெட்டியைப் பிய்க்கும். துண்டு இருக்கிறவன் உட்காருவான், இல்லாதவன் ஒயிட்ஃபீல்டு வரைக்கும் நிற்பான். எங்கள் பெட்டியில் யாருக்கும் பேர் கிடையாது, ஏறுகிற ஸ்டேஷன்தான் பேர். நான் உரிகம். எனக்கு எதிர் ஆள் பங்காருபேட்டை. பெங்களூரில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வேலை அவருக்கு. அமைதியானவர், ஒல்லியானவர். ஒரே குறை, என் நடிகருக்குப் போட்டி நடிகரின் ரசிகர்.

ஞாயிற்றுக்கிழமையோடு மூன்று நாள் வசூல் வெளியே வரும் என்பதால் திங்கட்கிழமைதான் எங்கள் பஞ்சாயத்து. கர்நாடகாவில் எவ்வளவு, தமிழ்நாட்டில் எவ்வளவு, ஆந்திராவில் டப்பிங் எவ்வளவு, அப்புறம் ஓவர்சீஸ். இந்த ஓவர்சீஸ்தான் எங்களுக்குக் கோவில் மாதிரி, யாரும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை, ஆனால் சத்தியம் பண்ணுவோம். மலேசியாவில் இத்தனை, துபாயில் இத்தனை, அமெரிக்காவில் முந்தின நாள் ராத்திரி காட்சியே இத்தனை என்று மாலூர் வருவதற்குள் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவோம். பாஸ்போர்ட் இருந்தவன் அந்தப் பெட்டியில் ஒருத்தன்கூட இல்லை. உன் அம்மா ஒருநாள் சொன்னாள், "அந்த ஆக்டரு வூட்டு நாய்க்குக்கூட உங்களத் தெரியாது, இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்துறீங்க?" என்று. நாய் எங்கே வந்தது இதில் என்று நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

போன வருஷம் ஒரு பண்டிகைக்கு அவர் ஆள் படமும் என் ஆள் படமும் ஒரே நாளில் வந்தன. அதற்கு முந்தின வாரமே வண்டியில் பந்தயம் கட்டினோம். என் ஆள் படம் உலக வசூலில் தோற்றால் நான் என் ஜன்னல் இடத்தை ஒரு மாதம் அவருக்குக் கொடுத்துவிட்டு நிற்பது. அவர் ஆள் படம் தோற்றால் ஒரு மாதத்துக்கு அவருக்கு யாரும் துண்டு போடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை போனைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒருத்தன் என் ஆள் முன்னே என்கிறான், இன்னொருத்தன் பின்னே என்கிறான். ஒருத்தன் கிராஸைச் சொல்கிறான், அதாவது டிக்கெட் விற்ற மொத்தம். இன்னொருத்தன் ஷேரைச் சொல்கிறான், அதாவது வரியும் தியேட்டர் பங்கும் போய்க் கைக்கு மிஞ்சுவது. அப்போதுதான் உன் அம்மாவின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை செய்ய நீ என் போனில் போட்டுக் கொடுத்தாயே ஒரு ஆப், அது கண்ணில் பட்டது.

ஆமாம் பாப்பா. அந்த ஆப்பில் என் ஆளின் படத்தை ஒட்டி, கீழே 'உலகமெங்கும் மூன்று நாள்' என்று போட்டு, அதற்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோடிக் கணக்கை அடித்தேன். எத்தனை கோடி என்று உனக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. திங்கட்கிழமை வண்டியில் எல்லார் போனுக்கும் அனுப்பினேன். பெட்டியே எழுந்து கூத்தாடியது. பங்காருபேட்டைக்காரர் ஏறினபோது துண்டு இல்லை. இரண்டு பேர் விசில் அடித்தார்கள். ஒருத்தன் அவர் போனையே பிடுங்கி என் போஸ்டரை அவருக்குப் பெரிதாக்கிக் காட்டினான். அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று வாரம் நின்றார். இடது காலைத் தூக்கித் தூக்கி வைப்பார். நான் ஜன்னலுக்கு வெளியே தைல மரத்தை எண்ணிக்கொண்டு வந்தேன்.

நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை காலை நான் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நீ ஆபீஸில் ஒரு பையனைப் பார்த்து வைத்திருக்கிறாய் என்றாள். நல்ல பையன், ஜெர்மனி வேலைக்குச் சொல்லியிருக்கிறார்கள், குடும்பம் பங்காருபேட்டை, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்றாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அப்புறம் சொன்னாள், "பையனோட அப்பா அச்சாபீஸ்ல கீறாராம். காலை வண்டிலதான் போறாராம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே." உப்புமா தொண்டையில் நின்றுவிட்டது. உன் அம்மா சந்தோஷத்தில் அடைக்கிறது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நீ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். பத்தாவது ரிசல்ட் அன்றைக்கு நின்றாயே, அதே கதவு. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். அது பயம்.

மறுநாள் உனக்குச் சார்ஜர் வாங்கி வருகிறேன் என்று கிளம்பி, சாயந்திரம் வெறுங்கையோடு வந்து, கடை இல்லை என்றேனே, ஞாபகம் இருக்கிறதா? லீவு போட்டுவிட்டுப் பங்காருபேட்டைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அந்த மனுஷன் நம்ம வீட்டு வாசலில் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால், அதற்கு நீ என்ன தப்பு செய்தாய்? அதற்கு முன்னால் நானே போய் விழுந்துவிடலாம் என்றுதான். அவரும் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வாசலில் நாற்காலி போட்டு, முட்டியில் துணி சுற்றி, வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்தத் துணியைப் பார்த்ததும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு மறந்துவிட்டது.

அவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. பையன் பெண்ணின் அப்பா ஏறுகிற ஸ்டேஷனும் கம்பெனியும் சொன்னபோதே, உரிகம்தான் என்று புரிந்துகொண்டாராம். நான் நின்றபடியே சொன்னேன், அந்த போஸ்டர் நான் வீட்டில் உட்கார்ந்து செய்தது, அந்த எண்ணும் நான் போட்டது என்று.

"தெரியுமேங்க" என்றார்.

எப்படி என்றேன்.

"மூலையில பலூன் கீதே. எந்தக் கம்பெனிக்காரன் பலூன் ஊதி வசூல் சொல்றான்?"

போனை எடுத்துப் பார்த்தேன். இருந்தது பாப்பா. சிவப்பும் நீலமுமாக இரண்டு பலூன், கயிறோடு. பிறந்தநாள் அட்டையில் இருந்ததை எடுக்க எனக்குத் தெரியவில்லை, கண்ணிலும் படவில்லை. பெட்டியில் நாற்பது பேர் பார்த்தார்கள், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. முப்பது வருஷமாக அட்டை அடிக்கிறவர் கண்ணில் முதல் பார்வையிலேயே பட்டுவிட்டது. அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, மூன்று வாரம் எதற்கு நின்றீர்கள் என்றேன்.

அவர் முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார், "வண்டில ஒருத்தனுக்குப் பொய்யன்னு பேர் வந்துச்சுன்னா ரிடையர் ஆவுற வரைக்கும் அதான் பேரு. ஒரு மாசம் நின்னு வர்ற கால் வலி போயிடும். அந்தப் பேரு போவுமா, சொல்லுங்க."

அவரே கேட்டார், படம் எப்படி இருந்தது உங்களுக்கு என்று. அப்போதுதான் அன்றைய இரண்டாவது உண்மையைச் சொல்ல வேண்டி வந்தது. நான் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. மூன்று வாரமாக அந்தப் படம் மலேசியாவில் எப்படி, துபாயில் எப்படி என்று தொண்டை கிழியப் பேசினேனே தவிர, ராபர்ட்சன்பேட்டையில் நம்ம தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓடுகிற படத்துக்கு நான் போகவில்லை. அவரோ முதல் ஞாயிற்றுக்கிழமையே வீட்டம்மாவோடு இரண்டு படத்தையும் பார்த்துவிட்டிருந்தார். என் ஆள் படம்தான் நன்றாக இருந்தது, கடைசியில் கண்ணீர் வந்துவிட்டது என்றார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, வாங்க, மேட்னிக்குப் போகலாம் என்றார். முட்டியோடு எப்படி என்றேன். "உக்காந்துதானே பாக்கப் போறோம். நிக்க வெச்சாதானே நோவும்" என்றார்.

பஸ் பிடித்து வந்தோம். நம்ம வீட்டுப் பக்கம் யார் கண்ணிலும் படாமல் தலையில் கைக்குட்டை போட்டுக்கொண்டு தியேட்டருக்குள் நுழைந்தேன். உள்ளே எங்களையும் சேர்த்துப் பதினோரு பேர். அதில் மூன்று பேர் ஃபேனுக்காக வந்து தூங்குகிறவர்கள். உலகத்தையே உலுக்குகிறது என்று நான் சத்தியம் செய்த படம், நாலாவது வாரத்தில், என் சொந்த ஊரில், பதினோரு பேருக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், படம் நன்றாக இருந்தது. முதல் மூன்று நாள் கூட்டத்தில் போயிருந்தால் விசிலில் ஒரு வசனமும் கேட்டிருக்காது. அன்றைக்குக் கேட்டது.

இடைவேளையில் டீயும் பப்ஸும் வாங்கி வந்தேன். அவர் டீயை ஊதிக்கொண்டே கேட்டார், "உங்க பொண்ணு எப்படிங்க?"

எனக்குச் சேர்த்துச் சொல்லத்தான் வரும். உன் படிப்பு, உன் வேலை, உன் ஆங்கிலம், நீ போடுகிற கோலம், இல்லாத சங்கீதம்கூட வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கதவுக்குப் பின்னாலிருந்து நீ கேட்ட கேள்வி குறுக்கே வந்து நின்றது. "என்னை மாதிரி இல்லீங்க" என்றேன்.

"அது போதுங்க" என்றார். மணி அடித்தது, உள்ளே போனோம். உன் கல்யாணம் முடிவானது அங்கேதான், பப்ஸ் தூள் சட்டையில் ஒட்டியிருக்க. மறுநாள் நம்ம வீட்டில் நடந்ததெல்லாம் காபியும் கேசரியும்தான். நாங்கள் இரண்டு பேரும் புதிதாகப் பார்க்கிற மாதிரி கும்பிட்டுக்கொண்டோம். உன் அம்மா பிற்பாடு சொன்னாள், சம்பந்தி உங்களைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கின மாதிரி இருந்தது, நம்மைப் பிடித்துவிட்டது போல என்று.

திங்கட்கிழமை வண்டியில் என் இடத்திலேயே என் துண்டை விரித்துவிட்டு எழுந்து நின்றேன். அவர் சொல்ல வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் அவர் நின்ற நாளை அவர் காலிலிருந்து எடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன், பலூனைப் பெரிதாக்கியும் காட்டினேன். அந்தச் சிரிப்பு மாலூர் வரைக்கும் வந்தது. ஒரு மாதம் நின்றேன். ஏன்பா கால் வீங்கியிருக்கிறது என்று நீ கேட்டாய், வயசு என்றேன். அவர் பயந்தபடியே எனக்குப் பேரும் வந்தது, ஆனால் பொய்யன் என்று இல்லை. உன் கல்யாண மண்டப வாசலில் வண்டிக்காரர்கள் இருநூறு பலூன் கட்டினார்களே, எவ்வளவு அன்பான மனுஷங்க என்று நீ போட்டோ எல்லாம் எடுத்தாயே, அது அலங்காரம் இல்லை பாப்பா. அது உன் அப்பன் பேர்ப் பலகை.

உனக்கு இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீ எப்பேர்ப்பட்ட வீட்டுக்குப் போகிறாய் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். மாப்பிள்ளை எப்போதாவது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், கோபம் என்று உடனே முடிவு கட்டாதே. அவர் அப்பா மூன்று வாரம் வாயைத் திறக்காமல் நின்றது உன் அப்பன் மானத்துக்காக. ஆனால் மாப்பிள்ளையையும் ரொம்ப நாள் நிற்க விடாதே, கேட்டுவிடு. கேட்டால் இரண்டு நிமிஷத்தில் முடிகிற விஷயத்துக்கு நானும் சம்பந்தியும் இரண்டு முட்டியைச் செலவழித்தோம்.

என் அப்பா, உன் தாத்தா, சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நம்ம தங்கவயலில் எத்தனை தங்கம் எடுத்தார்கள் என்று ஊரெல்லாம் பேசும். என் அம்மாவுக்கு அந்தக் கணக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. ஷிப்ட் முடிந்து ஆளை மேலே தூக்கி வருகிற கேஜில் அவர் வந்துவிட்டாரா என்பதுதான் அவளுக்குக் கணக்கு. நீயும் அங்கே போய் வீடு இத்தனை பெரிசு, சம்பளம் இத்தனை யூரோ என்று எனக்குச் சொல்லாதே. சொன்னால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும், பஜாருக்குப் போவதற்குள் உனக்கு அரண்மனை கட்டிவிடுவேன். சாப்பிட்டாயா, குளிருக்குச் சரியாகப் போர்த்திக்கொண்டாயா, இரண்டு பேரும் எதற்குச் சிரித்தீர்கள், அதைச் சொல். அதில் சேர்க்க எனக்கு ஒன்றும் இருக்காது.

இன்னும் ஒன்று. மாப்பிள்ளை சொன்னார், நீங்கள் இருக்கப் போகிற ஊருக்கு ஒரு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு தியேட்டரில் பெரிய தமிழ்ப் படம் வந்தால் ஓரிரண்டு காட்சி போடுவார்களாம். என் ஆள் படம் அடுத்த பண்டிகைக்கு வருகிறது. போய்ப் பாருங்கள். அவர் ஆள் படம் வந்தால் அதற்கும் போங்கள், சம்பந்திக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அங்கே சீட்டில் நம்பர் போட்டிருக்குமாம், துண்டு போட்டு மானத்தை வாங்காதே.

திங்கட்கிழமை வண்டியில் உலக வசூல் வரும். ஒருத்தன் கூட்டிச் சொல்வான், ஒருத்தன் எல்லாம் டுபாக்கூர் என்பான். நானும் சம்பந்தியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். முன்னைப் போலச் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் ஓவர்சீஸ் என்று சொல்லும்போது மட்டும் இனிமேல் காது கொடுத்துக் கேட்பேன். மீதி எப்படியோ இருக்கட்டும், அந்தக் கோடியில் இரண்டு டிக்கெட் நிஜம் என்று எனக்குத் தெரியும்.

உன் அம்மா கூப்பிடுகிறாள். பெட்டியை மூட அதன் மேல் ஆள் உட்கார வேண்டுமாம். என் எடைக்கு இந்த வீட்டில் முதல் தடவையாக மரியாதை வந்திருக்கிறது, போய் உட்காருகிறேன்.

உன் அப்பா